முகம் காட்டாத பாட்டு

1990 ஆகஸ்டில் எம்டிவியில் ஒரு புது வீடியோ ஓட ஆரம்பித்தது. இருட்டான திரை. அதில் பாட்டின் வரிகள் எழுத்தாக வந்து வந்து மறைகின்றன. நடனம் இல்லை, கதை இல்லை, பாடுகிறவரும் இல்லை. ஐந்து நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஓடும் அந்தப் பாட்டு முடிகிற நேரத்தில் ஆல்பத்தின் அட்டைப்படம் மட்டும் மெல்ல எழுந்து வரும். அவ்வளவுதான்.

இன்று நமக்கு இதில் ஆச்சரியப்பட எதுவுமில்லை. தமிழ்ப் படப் பாட்டு எதுவானாலும் முதலில் லிரிக் வீடியோவாகத்தான் கைக்கு வருகிறது. ஆனால் 1990இல் இப்படி ஒரு வீடியோவைக் கொடுத்தவர் அப்போது உலகத்திலேயே அதிகம் பார்க்கப்பட்ட முகங்களில் ஒன்றின் சொந்தக்காரர். ஜார்ஜ் மைக்கேல். பாட்டு 'ப்ரேயிங் ஃபார் டைம்'. அவருடைய இரண்டாவது தனி ஆல்பமான 'லிசன் வித்தவுட் ப்ரெஜுடிஸ், வால்யூம் 1'க்கு முன்னோட்டமாக வெளியான முதல் சிங்கிள்.

பாப் உலகில் ஆல்பத்துக்கு முந்தி வரும் சிங்கிள் என்பது கட்டியக்காரன் மாதிரி. ராஜா வருகிறார், வழி விடுங்கள் என்று சத்தம் போடுவதுதான் அதன் வேலை. இந்தக் கட்டியக்காரனோ வந்து நின்று, "ராஜா வரமாட்டார், அவர் எழுதியதை வாசித்துவிட்டுப் போங்கள்" என்கிறான். ஏன்? அந்த ஏன் ஐந்து வருடம் நீண்டு, லண்டன் உயர் நீதிமன்றம் வரை போனது. பாட்டுக்காரனிடமிருந்து கம்பெனி வாங்குவது எதை, குரலையா, முகத்தையா, ஆளையேவா என்கிற கேள்வியாக அது மாறியது.

1

முதலில் அந்த முகம் எப்படி உருவானது என்று பார்ப்போம்.

பிறந்தபோது வைத்த பெயர் யோர்கோஸ் கிரியாக்கோஸ் பனயோட்டு. 1963 ஜூன் 25, வடக்கு லண்டன். அப்பா சைப்ரஸிலிருந்து பிழைக்க வந்த கிரேக்கர், உணவகம் நடத்தியவர். அம்மா ஆங்கிலேயப் பெண். பள்ளியில் கிடைத்த நண்பன் ஆண்ட்ரூ ரிட்ஜ்லி. ஆண்ட்ரூவுக்கு ஸ்டைல் இயல்பாக வரும். யோர்கோஸோ கண்ணாடி போட்ட, பருமனான, கூச்ச சுபாவமுள்ள பையன். எப்படி நிற்பது, எப்படி உடுத்துவது என்பதையெல்லாம் இவன் அவனைப் பார்த்துக் கற்றுக்கொண்டான் என்றுதான் இருவருமே பிறகு சொல்லியிருக்கிறார்கள். ஆக, 'ஜார்ஜ் மைக்கேல்' என்பது ஆரம்பத்திலிருந்தே செய்து எடுத்த ஒரு ஆள். பெயரும் செய்தது, முகமும் செய்தது. குரலும் மெட்டுமே அவனுடைய சொந்தச் சரக்கு. 'கேர்லெஸ் விஸ்பர்' மெட்டு, 17 வயதில், பஸ்ஸில் கண்டக்டரிடம் காசை நீட்டிக்கொண்டிருந்த நேரத்தில் தோன்றியதாம்.

இருவரும் 'வேம்!' என்று பெயர் வைத்துக்கொண்டு 1982இல் இன்னர்விஷன் என்கிற சிறு கம்பெனியிடம் கையெழுத்துப் போட்டார்கள். ஆளுக்கு 500 பவுண்டு முன்பணம். அந்த நாளில் டிஸ்கோக்களில் சக்கைப்போடு போட்ட 12 அங்குல சிங்கிள்களுக்கு ராயல்டியே கிடையாது என்கிற மாதிரியான ஒப்பந்தம் அது. பையன்களுக்கு வயது 20கூட நிறையவில்லை. 'கையெழுத்துப் போட்டால் நாளைக்கு ரெக்கார்ட் வரும்' என்றால் எந்தப் பையன் யோசிப்பான்? 1983இல் அவர்களுடைய முதல் ஆல்பம் பிரிட்டனில் முதலிடத்துக்குப் போனது. கையில் காசு இல்லை. வக்கீல் வைத்துச் சண்டை போட்டு, அந்தச் சண்டை சமரசமாக முடிந்து, 1984இல் சிபிஎஸ் குழுமத்தின் எபிக் நிறுவனத்துக்கு மாறினார்கள். இந்தச் சமரசத்தைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பத்து வருடம் கழித்து ஒரு நீதிபதி இதை எடுத்து மேசைமேல் வைப்பார்.

அதற்கப்புறம் நடந்தது ஊரறிந்த கதை. 'வேக் மீ அப் பிஃபோர் யூ கோ-கோ', 'லாஸ்ட் கிறிஸ்மஸ்', 1985இல் சீனாவில் கச்சேரி. 1986 ஜூன் 28 அன்று வெம்ப்லி மைதானத்தில் 72,000 பேர் முன்னால் வேம்! கலைந்தது. அடுத்த வருடம் தனியாக 'ஃபெய்த்' ஆல்பம். தோல் ஜாக்கெட், கிழிந்த ஜீன்ஸ், இரண்டு நாள் தாடி, காதில் சிலுவை வளையம், பின்னணியில் ஒரு ஜூக்பாக்ஸ். அந்த ஆல்பத்தின் பாட்டுகளில் நான்கு அமெரிக்காவில் முதலிடம் பிடித்தன. 1989இல் ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான கிராமி கிடைத்தது. உலகம் முழுக்க 2 கோடிக்கும் மேல் விற்றது.

அந்த வெற்றிக்குள்ளேயே ஒரு உறுத்தலும் இருந்தது. பில்போர்டின் கறுப்பின இசை ஆல்பங்களுக்கான பட்டியலில் முதலிடம் பிடித்த முதல் வெள்ளைத் தனிப்பாடகரின் ஆல்பம் 'ஃபெய்த்'. 1989இல் அமெரிக்கன் மியூசிக் அவார்ட்ஸில் சோல் பிரிவு விருதுகளும் அவருக்கே போயின. கறுப்பினக் கலைஞர்கள் சிலர் வெளிப்படையாகக் கேட்டார்கள்: எங்கள் வீட்டுச் சாப்பாட்டை எங்களுக்கே பரிமாறிவிட்டு எங்கள் பந்தியிலேயே முதல் இலையும் போட்டுக்கொள்வதா? அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது. பாட்டைவிடப் பாடுகிறவனின் தோல் நிறம் முக்கியமாகிப்போகிற சந்தை அது. கறுப்பர்களை எம்டிவி ஆரம்ப வருடங்களில் ஏறக்குறைய ஒதுக்கியே வைத்திருந்தது. 'முன்முடிவில்லாமல் கேளுங்கள்' என்று அடுத்த ஆல்பத்துக்குப் பெயர் வைத்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

2

சரி, பாட்டுக்கு வருவோம்.

அக்கூஸ்டிக் கிட்டாரின் மெதுவான மீட்டல். எங்கேயோ பெரிய கூடத்தில் அடிப்பதுபோல எதிரொலியோடு விழும் டிரம். குரலின்மேலும் அதே எதிரொலி. ஜான் லெனனின் எழுபதுகளின் பாட்டுகளைக் கேட்டவர்களுக்கு உடனே அவர் ஞாபகம் வரும், அன்றைய விமர்சகர்களுக்கும் வந்தது. எழுதியதும் தயாரித்ததும் ஜார்ஜ் மைக்கேலே. ஆட வைக்கும் கோரஸ் கிடையாது. ஒவ்வொரு சரணமும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறி, உச்சத்தைத் தொடப்போகிற இடத்தில் பெருமூச்சாக இறங்கிவிடும்.

பாட்டு சொல்வது எளிய விஷயம். இருக்கிறவன் இருப்பதை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறான், இல்லாதவன் காத்துக்கிடக்கிறான், நடுவில் நாம் தானம் செய்துவிட்டதாக மனசைத் தேற்றிக்கொள்கிறோம். கடவுள் இதையெல்லாம் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாரோ என்னவோ. நாமோ இன்னும் கொஞ்சம் அவகாசம் கேட்டு வேண்டிக்கொண்டிருக்கிறோம். தலைப்பில் இருக்கும் 'டைம்' அந்த அவகாசம்தான்.

இதை எழுதியவர் யார் என்று பார்த்தால்தான் இதன் கனம் தெரியும். 1984இல் எத்தியோப்பியப் பஞ்சத்துக்காகப் பிரிட்டிஷ் பாப் உலகமே கூடிப் பாடிய பேண்ட் எய்ட் பதிவில் அவர் குரல் இருக்கிறது. அதே கிறிஸ்மஸுக்கு வந்த 'லாஸ்ட் கிறிஸ்மஸ்' அந்த பேண்ட் எய்ட் பாட்டுக்குப் பின்னால் இரண்டாமிடத்தில் நின்றது. அதன் ராயல்டியையும் வேம்! எத்தியோப்பியாவுக்கே கொடுத்தது. 1984 செப்டம்பரில், வேலைநிறுத்தத்தில் இருந்த சுரங்கத் தொழிலாளர்களுக்காக லண்டனில் நடந்த நிதி நிகழ்ச்சியிலும் வேம்! மேடையேறியது. 1985 ஜூலை 13, லைவ் எய்ட் மேடையிலும் அவர் இருந்தார். அதாவது எண்பதுகளின் 'பாட்டுப் பாடிப் பசி தீர்ப்போம்' இயக்கத்தின் உள்ளே இருந்தவர். அந்தப் பத்தாண்டு முடிந்த கையோடு, "எல்லாம் செய்தோமே, ஏன் எதுவும் மாறவில்லை?" என்று கேட்கிற பாட்டு இது.

அந்த 1990 எப்படிப்பட்ட வருடம்? பிப்ரவரியில் நெல்சன் மண்டேலா விடுதலை. மார்ச் 31 அன்று, ஏழைக்கும் பணக்காரனுக்கும் ஒரே தலைவரி என்று மார்கரெட் தாட்சர் அரசு கொண்டுவந்த வரிக்கு எதிராக டிராஃபல்கர் சதுக்கத்தில் கலவரம். ஆகஸ்ட் 2 அன்று ஈராக் படை குவைத்துக்குள் நுழைந்தது. நவம்பரில் தாட்சர் பதவி விலகினார். பணம் பண்ணுவதே பெருமை என்று பதினோரு வருடம் சொல்லிக்கேட்ட ஒரு தேசம் கொஞ்சம் தலைசுற்றி உட்கார்ந்திருந்த நேரம். பாட்டில் இந்தப் பெயர்கள் எதுவும் இல்லை, இருந்திருந்தால் அடுத்த வருடமே பழசாகியிருக்கும்.

"கோடீஸ்வரன் ஏழைக்காக அழுகிறானாக்கும்" என்று நக்கலடிக்கலாம். அன்றே அடித்தார்கள். ஆனால் பாட்டைக் கவனமாகக் கேட்டால் அதில் 'அவர்கள்' என்று விரல் நீட்டுகிற தோரணை குறைவு, 'நாம்' என்கிற குற்ற உணர்வுதான் அதிகம். இருப்பதை இறுக்கிப் பிடித்துக்கொண்டவர்களின் வரிசையில் அவரும் நிற்கிறார். அதுதான் இந்தப் பாட்டைப் பேண்ட் எய்ட் வகைப் பாட்டுகளிலிருந்து பிரிக்கிறது. பேண்ட் எய்டில் கேட்பவருக்கு ஒரு வேலை கொடுக்கப்பட்டது: ரெக்கார்டை வாங்கு, புண்ணியம் சேரும். இந்தப் பாட்டில் அப்படி ஒரு சௌகரியம் இல்லை.

இதை இடுப்பை ஆட்டிக்கொண்டே பாடமுடியுமா? தோல் ஜாக்கெட் போட்டுக்கொண்டு பசியைப் பற்றிப் பாடினால் ஜனம் ஜாக்கெட்டைத்தான் பார்க்கும். ஆகவே வீடியோவில் முகம் வேண்டாம் என்ற முடிவு வெறும் பிடிவாதம் இல்லை, பாட்டே கேட்ட முடிவு. எழுத்தை மட்டும் காட்டுகிற உத்தி புதிதும் அல்ல. 1965இல் பாப் டிலன் வார்த்தை எழுதிய அட்டைகளை ஒவ்வொன்றாகக் கீழே போட்டார். 1987இல் பிரின்ஸ் 'சைன் ஓ த டைம்ஸ்' வீடியோவில் எழுத்துகளையே ஓடவிட்டார். அந்த மூன்று பாட்டும் சமூகத்தைப் பற்றிப் பேசுபவை என்பது தற்செயலாக இருக்காது. சொல்லில் கனம் இருப்பதாக நம்பும்போதுதான் பாடகன் முகத்தைப் பின்னால் இழுத்துக்கொள்கிறான்.

3

வீடியோவோடு இது நிற்கவில்லை. ஆல்பத்தின் அட்டையிலும் முகம் இல்லை, பெயர்கூட இல்லை. அதற்குப் பதிலாக, வீஜி என்ற பெயரில் அறியப்பட்ட நியூயார்க் பத்திரிகைப் புகைப்படக்காரர் 1940 ஜூலையில் கோனி ஐலண்ட் கடற்கரையில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படத்தின் ஒரு துண்டு. மண்ணே தெரியாத அளவுக்குக் கூட்டம். ஆயிரக்கணக்கான முகங்கள் கேமராவை அண்ணாந்து பார்க்கின்றன. 'என் ஒரு முகம் எதற்கு, இத்தனை முகம் இருக்கிறதே' என்று சொல்கிற மாதிரி.

1990 செப்டம்பரில் லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸில் வந்த பேட்டியில் புகழின் பாரத்தைப் பற்றியும், இனி வெளியில் தலைகாட்டுவதைக் குறைத்துக்கொள்ளப்போவது பற்றியும் ஜார்ஜ் மைக்கேல் பேசியிருந்தார். அதைப் படித்துவிட்டு அதே பத்திரிகைக்கு ஒருவர் கடிதம் எழுதினார். எழுதியவர் ஃபிராங்க் சினாட்ரா, வயது 74. தம்பி, அலட்டிக்காதே. கேட்க ஆளில்லாமல் எத்தனையோ பாடகர்கள் கிடக்கிறார்கள். கடவுள் கொடுத்ததற்கு நன்றி சொல்லி ஜாலியாகப் பாடு. இதுதான் சாரம்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. பெரியவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று தலையாட்டத் தோன்றும். ஆனால் சினாட்ராவின் பழைய கதையைக் கொஞ்சம் புரட்டிப் பாருங்கள். நாற்பதுகளின் தொடக்கத்தில் டாமி டார்சியின் இசைக்குழுவை விட்டு வெளியே வர, தன் எதிர்கால வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கை டார்சிக்குத் தரவேண்டும் என்கிற ஒப்பந்தத்தில் மாட்டிக்கொண்டு படாத பாடு பட்டவர் அவர். பிறகு கேப்பிடல் கம்பெனியோடு மனஸ்தாபமாகி, தன் பாட்டு தன் கையில் இருக்கவேண்டும் என்றே 1960இல் 'ரிப்ரைஸ்' என்ற சொந்தக் கம்பெனியைத் தொடங்கினார். புகழைப் பற்றி ஜாலியாக இரு என்று சொல்ல அவருக்கு முடிந்ததென்றால், ஒப்பந்தத்தைப் பற்றி அவர் ஜாலியாக இல்லாததும் ஒரு காரணம்.

ஆல்பத்திலிருந்து பிறகு வந்த 'ஃப்ரீடம்! 90'க்கும் ஜார்ஜ் மைக்கேல் வீடியோவில் வர மறுத்தார். இந்த முறை எழுத்து இல்லை. டேவிட் ஃபிஞ்சர் இயக்க, நவோமி கேம்பெல், லிண்டா இவாஞ்சலிஸ்டா, கிறிஸ்டி டர்லிங்டன், சிண்டி கிராஃபோர்ட், டட்யானா பாடிட்ஸ் என்று அன்றைய ஐந்து சூப்பர்மாடல்கள் அவர் குரலுக்கு வாயசைத்தார்கள். 'ஃபெய்த்'தின் தோல் ஜாக்கெட் தீப்பிடித்து எரிந்தது, ஜூக்பாக்ஸ் வெடித்துச் சிதறியது. எம்டிவியில் வீடியோ சக்கைப்போடு போட்டது.

இதில் ஒரு முரண் இருப்பதை மறைக்க முடியாது. தன் முகத்தை மறைக்க உலகத்தின் மிக அழகான ஐந்து முகங்கள் தேவைப்பட்டன. 'பாட்டை மட்டும் கேளுங்கள்' என்ற கொள்கை இரண்டாவது வீடியோவிலேயே பாதி வழிக்கு இறங்கி வந்துவிட்டது. கறாராகப் பார்த்தால், அந்தக் கொள்கை முழுசாக நின்றது 'ப்ரேயிங் ஃபார் டைம்' வீடியோவில் மட்டும்தான்.

4

அப்போ, முகம் இல்லாம பாட்டு ஓடுச்சா இல்லையா?

ஓடியது. 1990 அக்டோபர் 13 தேதியிட்ட பில்போர்ட் ஹாட் 100 பட்டியலில் 'ப்ரேயிங் ஃபார் டைம்' முதலிடம். ஒரே ஒரு வாரம்தான், ஆனாலும் முதலிடம். சொந்த நாடான பிரிட்டனில் ஆறாமிடத்தோடு நின்றது. ஆல்பத்தின் கணக்கு தலைகீழ்: பிரிட்டனில் முதலிடம், அமெரிக்காவில் இரண்டாமிடம். உலக விற்பனை சுமார் 80 லட்சம்.

80 லட்சம் என்பது வேறு எந்தப் பாடகருக்கும் திருவிழா. 'ஃபெய்த்'தின் 2 கோடிக்குப் பக்கத்தில் வைத்தால் சரிவு. கம்பெனி அதைச் சரிவாகத்தான் பார்த்தது. இந்த நேரத்தில் கம்பெனியும் கைமாறியிருந்தது. 1988 ஜனவரியில் ஜப்பானின் சோனி, சிபிஎஸ் ரெக்கார்ட்ஸை 200 கோடி டாலருக்கு வாங்கியிருந்தது. ஜார்ஜ் மைக்கேல் சேர்ந்தது சிபிஎஸ்ஸில், இப்போது முதலாளி சோனி. வீட்டை விற்றால் குடியிருக்கிறவரையும் சேர்த்து விற்ற மாதிரி.

இரு பக்கத்தையும் பார்க்கலாம். கம்பெனி சொன்னதன் சாரம்: நாங்கள் கோடிக்கணக்கில் போட்டிருக்கிறோம். வீடியோவில் வரமாட்டேன், அட்டையில் படம் வேண்டாம் என்றால் எதை வைத்து விற்பது? 1991இல் அவர் போன உலகச் சுற்றுப்பயணத்தில்கூடப் பெரும்பாலும் அடுத்தவர்களின் பாட்டுகளைத்தான் பாடினார். அவர் சொன்னதன் சாரம்: என் முகம் பிடிக்கிறவர்களுக்கு விற்கத் தெரிந்த உங்களுக்கு என் பாட்டை விற்கத் தெரியவில்லை. வேண்டுமென்றே கைவிட்டுவிட்டீர்கள். 'வால்யூம் 2' வரவே இல்லை. அதற்கென்று வைத்திருந்த பாட்டுகளில் சிலவற்றை 1992இல் எய்ட்ஸ் நிதிக்கான 'ரெட் ஹாட் ப்ளஸ் டான்ஸ்' தொகுப்புக்குக் கொடுத்துவிட்டார். அந்த வருடக் கடைசியில் சோனிமேல் வழக்குப் போட்டார்.

5

வழக்கின் பெயரிலேயே ஒரு நாடகம் உண்டு: பனயோட்டு எதிர் சோனி. மேடைக்காகச் செய்த பெயர் கழன்று, உணவகக்காரர் மகனின் பெயர் நீதிமன்றத்தில் நிற்கிறது. 1993 அக்டோபரில் லண்டன் உயர் நீதிமன்றத்தில் விசாரணை தொடங்கியது. நீதிபதி ஜோனதன் பார்க்கர்.

ரெக்கார்ட் ஒப்பந்தம் எப்படி வேலை செய்கிறது என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கம்பெனி முன்பணம் தருகிறது. ஒலிப்பதிவுச் செலவு பாடகரின் ராயல்டியிலிருந்தே கழிக்கப்படுகிறது. அந்தக் கணக்கு தீரும்வரை பாடகர் கைக்கு ராயல்டி வராது. சரி, செலவு முழுக்கக் கழிந்துவிட்டது, இனி ஒலிப்பதிவு பாடகருடையதா? இல்லை, அது கம்பெனியின் சொத்து. வீட்டுக்கடனை முழுக்கக் கட்டிமுடித்த பிறகும் பத்திரம் வங்கியிடமே இருக்கும் என்பது மாதிரி. அடுத்த ஆல்பம் வேண்டுமா வேண்டாமா என்று தீர்மானிக்கிற உரிமை கம்பெனிக்கு உண்டு. வேறு இடத்தில் பாடலாமா என்று தீர்மானிக்கிற உரிமை பாடகருக்கு இல்லை. ஜார்ஜ் மைக்கேலின் ஒப்பந்தம் 2003 வரை நீளக்கூடியது. தொழில்முறை அடிமைத்தனம் என்றே அதை அவர் வர்ணித்தார்.

அந்தச் சொல் கொஞ்சம் அதிகம்தான். மாளிகையில் இருந்துகொண்டு அடிமை என்பதா என்று பத்திரிகைகள் கிண்டல் செய்தன. ஆனால் அவருடைய சட்ட வாதம் கற்பனையானது இல்லை. ஒருவர் தன் தொழிலைச் செய்யவிடாமல் அநியாயமாகக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் செல்லாது என்பது ஆங்கிலேயச் சட்டத்தின் பழைய கொள்கை. 1974இல் டோனி மெக்காலே என்ற பாடலாசிரியர், 21 வயதில் ஒரு பதிப்பாளரிடம் போட்ட ஒப்பந்தத்தை இந்தக் கொள்கையை வைத்துத்தான் பிரபுக்கள் சபை வரை போய் உடைத்தார். எண்பதுகளின் இறுதியில் 'ஃப்ராங்கி கோஸ் டு ஹாலிவுட்' குழுவின் ஹாலி ஜான்சனும் தன் கம்பெனியிடமிருந்து இப்படியே விடுபட்டார். இவர்களுக்குக் கிடைத்தது ஜார்ஜ் மைக்கேலுக்கும் கிடைக்கும் என்று பலர் நினைத்தார்கள்.

1994 ஜூன் 21 அன்று தீர்ப்பு. தோற்றார்.

காரணம் கவனிக்கத்தக்கது. மெக்காலேயும் ஜான்சனும் பேரம் பேசும் பலமில்லாத இளைஞர்களாகக் கையெழுத்துப் போட்டவர்கள். ஜார்ஜ் மைக்கேலோ 1988இல், உச்சத்தில் இருந்தபோது, கெட்டிக்கார வக்கீல்களை வைத்துத் தன் ஒப்பந்தத்தைத் திருத்தி எழுதிக்கொண்டவர். அதில் கூடுதல் பணமும் பெற்றவர். அந்த 1988 ஒப்பந்தத்தின் அடிப்படை 1984 ஒப்பந்தம். 1984 ஒப்பந்தமோ இன்னர்விஷன் சண்டையைத் தீர்த்துக்கொண்ட சமரசம். சமரசமாக முடிந்ததை மறுபடி கிளறக்கூடாது என்பதும் சட்டத்தின் கொள்கைதான் என்றார் நீதிபதி. விதிமுறைகளும் நியாயமானவையே என்று சேர்த்துச் சொன்னார். 18 வயதில் போட்ட மோசமான கையெழுத்திலிருந்து தப்பிக்கப் பிடித்த கயிறே பத்து வருடம் கழித்துக் காலைக் கட்டியது.

மேல்முறையீடு செய்தார். அது விசாரணைக்கு வருமுன்பே, 1995இல், ட்ரீம்வொர்க்ஸும் விர்ஜினும் சோனிக்குப் பெருந்தொகை கொடுத்து அவரை மீட்டன. நீதிமன்றத்தில் கிடைக்காத விடுதலை சந்தையில் கிடைத்தது. இதை வெற்றி என்பதா? ஒரு கம்பெனியிடமிருந்து விடுதலை பெற இன்னும் இரண்டு கம்பெனிகள் தேவைப்பட்டன என்பதுதான் நடந்த உண்மை. கூட்டி வைத்தால், இருபதுகளின் கடைசியையும் முப்பதுகளின் தொடக்கத்தையும் அவர் இழந்தார். 1990க்குப் பிறகு அடுத்த ஆல்பமான 'ஓல்டர்' வர 1996 ஆயிற்று.

6

அந்த வருடங்களில் வெளியே தெரியாத இன்னொரு கதை ஓடிக்கொண்டிருந்தது. 1991 ஜனவரியில் 'ராக் இன் ரியோ' விழாவில் ஆன்செல்மோ ஃபெலெப்பா என்ற பிரேசில்காரரைச் சந்தித்தார். வாழ்க்கையில் முதல்முறையாகக் காதல். சில மாதங்களிலேயே ஆன்செல்மோவுக்கு எச்ஐவி என்று தெரியவந்தது. 1993 மார்ச்சில் அவர் இறந்துபோனார். அதே வருடம் அக்டோபரில்தான் விசாரணை தொடங்கியது. வழக்கின் பின்னால் இருந்த கோபத்தில் பெரும்பகுதி உண்மையில் இந்த இழப்பின் கோபம்தான் என்று பின்னாளில் அவரே சொன்னார்.

தான் ஒருபால் ஈர்ப்பாளர் என்பதை அவர் பொதுவில் சொன்னது 1998இல், அமெரிக்காவில் கைதாகிச் செய்தி ஊரெல்லாம் நாறிய பிறகு. இதை வைத்துக்கொண்டு 'ப்ரேயிங் ஃபார் டைம்' வீடியோவைத் திரும்பப் பார்த்தால் முகம் காட்ட மறுத்ததற்கு இன்னொரு அர்த்தமும் தோன்றுகிறது. 'ஃபெய்த்'தில் விற்ற முகம், பெண்களின் கனவு நாயகனாகச் செய்யப்பட்ட முகம். அதைத் தொடர்ந்து காட்டுவது ஒரு பொய்யைத் தொடர்ந்து சொல்வது. உண்மையைச் சொல்ல அன்றைய பிரிட்டிஷ் பத்திரிகைகள் இருந்த லட்சணத்தில் துணிவு வராது. பொய்யும் சொல்லாமல் உண்மையும் சொல்லாமல் இருக்க ஒரே வழி, திரையிலிருந்து விலகிக்கொள்வது. அந்தப் பாட்டுக்கு வேண்டியதும் அதுவே, அந்த மனிதருக்கு வேண்டியதும் அதுவே.

2008இல் அமெரிக்கன் ஐடல் இறுதிச்சுற்று மேடையில் இதே பாட்டை அவர் நேரில் வந்து பாடினார். குரலைவிட முகத்துக்கு ஓட்டுப்போடுகிற நிகழ்ச்சி என்று கேலி செய்யப்படுகிற அதே மேடை. இந்த முறை முகம் இருந்தது. மறைப்பதற்கு எதுவும் மிச்சமில்லாத, 44 வயது முகம்.

2016 கிறிஸ்மஸ் அன்று அவர் இறந்த பிறகுதான் சில விஷயங்கள் வெளியே வந்தன. 'ஜீசஸ் டு எ சைல்ட்' பாட்டின் ராயல்டி வருடக்கணக்காகக் குழந்தைகளுக்கான சைல்ட்லைன் உதவி அமைப்புக்குப் போய்க்கொண்டிருந்தது. தன் பெயரை வெளியில் சொல்லக்கூடாது என்பது அவர் போட்ட நிபந்தனை. டிவி போட்டியில் கலந்துகொண்ட ஒரு பெண் குழந்தைப்பேறு சிகிச்சைக்குப் பணம் வேண்டும் என்றதைப் பார்த்துவிட்டு, மறுநாளே 15,000 பவுண்டு கொடுத்திருக்கிறார், அதுவும் பெயர் சொல்லாமல். தானம் என்பது நாம் போட்டுக்கொள்ளும் கோட்டு மாதிரி ஆகிவிட்டதோ என்று 1990இல் சந்தேகப்பட்ட ஆள், அந்தக் கோட்டைக் கழற்றி வைத்துவிட்டுக் கொடுக்கப் பழகியிருக்கிறார். கோடீஸ்வரன் அழுகை என்று நக்கலடித்தவர்களுக்கு அவர் வாயால் பதில் சொன்னதாகத் தெரியவில்லை. பதில் இப்படி வந்தது, கொடுத்தவரின் முகம் இல்லாமல்.

கம்பெனி வாங்குவது எதை என்ற கேள்வி மட்டும் தீரவில்லை. தீர்ப்பு கம்பெனி பக்கம், முதலிடம் பாட்டின் பக்கம். லிரிக் வீடியோ இன்று விளம்பர உத்தியாகிவிட்டது. முழு வீடியோ வரும்வரை கையில் கொடுத்து வைக்கிற கிலுகிலுப்பை அது. அதன் எழுத்துகளுக்கு நடுவிலும் நாயகன் படம் பத்து தடவை வந்துபோகிறது. ஒரு காலத்தில் ஒருவர் அதே எழுத்துகளை, தன்னைப் பார்க்காமல் சொல்லை மட்டும் வாசியுங்கள் என்று கேட்பதற்காகப் பயன்படுத்தினார். முடிந்தால் ஒருமுறை திரையைக் கவிழ்த்து வைத்துவிட்டு அந்தப் பாட்டைக் கேட்டுப்பாருங்கள். அவர் கேட்டதும் அதுதான்.